காகிதத்தில் மிஞ்சிய முதலை

1900ஆம் ஆண்டு ஜனவரி 16. எகிப்தில் ஃபயூம் வட்டாரத்தின் தென்கோடியில், டெப்டுனிஸ் என்ற பழைய ஊரின் மணல்மேட்டில் ஆட்கள் கல்லறை தோண்டிக்கொண்டிருந்தார்கள். வேலை வாங்கிய கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்களும் தேடி வந்தது பாப்பிரஸ் ஏடுகளை. மண்ணுக்குள்ளிருந்து வந்ததோ முதலை. துணி சுற்றிப் பதப்படுத்திப் புதைத்த முதலைகள், வரிசை வரிசையாக. மனிதச் சவப்பெட்டி வரும் என்று காத்திருந்த தொழிலாளி ஒருவருக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. ஒரு முதலையை எடுத்துப் போட்டு உடைத்தார். உள்ளே சுற்றியிருந்தது அத்தனையும் எழுதிய தாள்.

சோபெக் என்ற முதலைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட உயிர்களைப் பொதிவதற்கு, அரசு அலுவலகங்களில் தூக்கிப்போட்ட பழந்தாள்களை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்த நிலம் யாருடையது, என்ன பயிர், எவ்வளவு வரி பாக்கி, பக்கத்து வயல்காரன் மேல் யார் என்ன மனுக் கொடுத்தார் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. கெர்க்கியோசிரிஸ் என்ற சிற்றூரின் கணக்கர் மெங்கெஸ் வைத்திருந்த ஆவணக்கட்டு இப்படித்தான் உலகத்துக்குக் கிடைத்தது. ஒரு கர்ணத்தின் அடங்கல் புத்தகத்தைக் கிழித்துச் சாமிக்குப் பொம்மை செய்ததுபோல. ஈராயிரம் வருடம் அந்தக் காகிதத்தைக் கட்டிக் காத்தது முதலை.

நான் சொல்லவந்தது இதற்கு நேர்மாறான ஒரு முதலையைப் பற்றி. அதுவும் எகிப்து மண்ணில் கிடைத்ததுதான். அதன் எலும்பு போய்விட்டது. இப்போது அதைக் காகிதம் காக்கிறது. எவ்வளவு தூரம் காக்கிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஸ்டொமாட்டோசூக்கஸ் இனெர்மிஸ் என்று பெயர். 'ஸ்டோமா' கிரேக்கத்தில் வாய். 'சூக்கஸ்' என்பது சோபெக் என்ற அந்தத் தெய்வப் பெயரைக் கிரேக்கர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டது. உலகில் எந்த மூலையில் முதலைப் புதைபடிவம் கிடைத்தாலும் பெயருக்குப் பின்னால் இந்தச் சூக்கஸ் வந்து ஒட்டிக்கொள்ளும். பிரேசில் முதலையும் சீன முதலையும் எகிப்துச் சாமியின் பெயரைச் சுமக்கின்றன. இதுவோ சொந்த ஊரிலேயே அந்தப் பெயரைப் பெற்ற சிலவற்றுள் ஒன்று. 'இனெர்மிஸ்' லத்தீன்: ஆயுதமில்லாதது. வாய்முதலை, நிராயுதபாணி. வாயே உடம்பாக இருந்து, அந்த வாயில் கடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லாத பிராணி.

கறாராகச் சொன்னால் இது இன்றைய முதலைகளின் நேர் மூதாதை அல்ல. முதலைக் குலத்தின் பெரிய ஆலமரத்தில் எப்போதோ பட்டுப்போன ஒரு கிளை. கிரெட்டேசியஸ் காலத்தில், ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. மண்டையோடு மட்டும் 2 மீட்டரை ஒட்டிய நீளம். இன்று உயிரோடிருக்கும் மிகப் பெரிய இனமான உவர்நீர் முதலையில்கூட, அளந்தவற்றுள் பெரிய மண்டையோடு முக்கால் மீட்டர்தான். ஆகவே வாய்முதலையின் உடல் 10 மீட்டர் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். தலையை வைத்து உடம்பைக் கணக்கிடுவது, வாசற்படியைப் பார்த்து வீட்டின் பரப்பைச் சொல்வது மாதிரி. முதலைக் குலத்தில் சில வாசல்கள் வீட்டைவிடப் பெரியவை. அந்த 10 மீட்டரை நான் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறேன்.

அதைக் கண்டு எழுதியவர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர், பவேரியாக்காரர். 1910 நவம்பரில் அலெக்சாந்திரியாவில் வந்து இறங்கும்போது அவர் மனத்தில் முதலையும் இல்லை, டைனோசரும் இல்லை. ஆப்பிரிக்கப் பாலூட்டிகளின் ஆதியைத் தேடி வந்தவர் அவர். 1911 ஜனவரியில் ஒட்டகங்களோடு மேற்குப் பாலைவனத்தைக் கடந்து, கெய்ரோவுக்குத் தென்மேற்கே 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பஹாரியா பாலைச்சோலைக்குப் போனார். அங்கே ஜெபல் எல் திஸ்த் என்ற கூம்புக் குன்றின் அடியில் கிடந்த எலும்புகள் பாலூட்டிகளுக்குரிய அளவில் இல்லை. பாறையின் வயது அவர் எதிர்பார்த்ததைவிடப் பல கோடி ஆண்டுகள் கூடுதல். தேடிப்போனது கிடைக்காமல் தேடாதது கிடைத்த கதைதான். ஆனால் அந்த ஏமாற்றத்தைச் சீக்கிரம் விழுங்கிக்கொண்டு வேறு கேள்விகளுக்குத் திரும்பத் தெரிந்த மனிதராக அவர் இருந்தார்.

ஸ்ட்ரோமர் ஊர் திரும்பிய பிறகு அவருக்காகத் தோண்டியவர் ரிச்சர்ட் மார்க்கிராஃப். ஃபயூமின் சின்னூரிஸில் குடியிருந்துகொண்டு, ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் புதைபடிவம் சேகரித்துக் கொடுத்துப் பிழைத்தவர். உடல்நலம் குன்றியவர். முதுகில் பாய்போல் விரிந்த எலும்புகள் கொண்ட ஸ்பைனோசாரஸை 1912இல் மண்ணிலிருந்து எடுத்தது அவருடைய கைதான். 1914 வரை தோண்டினார். 1916இல் இறந்துபோனார். போர் வந்து, அவர் சேர்த்த பெட்டிகளில் பல எகிப்திலேயே முடங்கிக் கிடந்தன. 1922இல்தான் அவை மியூனிக் போய்ச் சேர்ந்தன, அதுவும் பல எலும்புகள் நொறுங்கிய நிலையில். ஸ்ட்ரோமர் உட்கார்ந்து ஒட்டினார். ஒவ்வொன்றாக எழுதினார். அந்த வரிசையின் ஏழாம் எண்ணாக 1925இல் வாய்முதலை அச்சேறியது. தனி நூல்கூட இல்லை. ரம்பமூக்கு மீன் ஒன்றின் எலும்போடு ஒரே வெளியீட்டைப் பங்கிட்டுக்கொண்டது. தலைப்பில் அவர் கொடுத்த வருணனை இவ்வளவுதான்: பல்வலுக் குறைந்த ஒரு முதலை.

அன்றைய பஹாரியா பாலைவனம் இல்லை. 2000இல் அங்கே போன அமெரிக்கக் குழு ஒன்று மண்ணையும் செடிப் படிவங்களையும் படித்து, அது கடலோர அலையாத்திக் காடு என்று சொன்னது. உப்புநீர் ஏறி இறங்கும் ஓடைகள், மர உயரத்துக்குப் பெரணிகள், சேறு. அந்தச் சேற்றில் இறந்து கிடந்த ஒரு பெரிய தாவர உண்ணி டைனோசருக்குப் பேராலிடைட்டன் என்று 2001இல் பெயரிட்டார்கள். கடலோரப் பேருரு என்று பொருள். ஓடைகளில் ஆளைவிட நீளமான சீலகாந்த் மீன்கள் இருந்தன. கரையில் ஸ்பைனோசாரஸ். இத்தனை பல்லும் நகமும் நடமாடிய இடத்தில், கனத்த தாடையில்லாமல், சின்னச் சின்னக் கூம்புப் பற்களோடு, தட்டையான இரண்டு மீட்டர் வாயை வைத்துக்கொண்டு ஒன்று எதைத் தின்று அத்தனை பெரிதாயிற்று?

கேள்வி இங்கேதான் சூடாகிறது. மேல்தாடை ஒரு மூடிபோலத் தட்டை. கீழ்த்தாடை மெலிந்த இரண்டு கம்பிகள் மாதிரி. அதில் பல்லே இல்லாமல் இருக்கலாம் என்று தோன்றியது. ஸ்ட்ரோமரின் வெளியீடு வந்த மறு வருடமே ஃபிரான்ஸ் நோப்சா அந்த எலும்பைப் பற்றித் தம் அவதானங்களை எழுதினார். நோப்சாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை அவருடையதாகிவிடும். டிரான்சில்வேனியப் பிரபு, ஒற்றர், அல்பேனிய அரியணைக்குத் தன்னையே சிபாரிசு செய்துகொண்டவர், தொல்லுயிரியலில் பாதி யூகங்களைக் காலத்துக்கு முன்பே சரியாகச் சொன்னவர். மீதிப் பாதியில் எது சேரும் என்பது அவ்வப்போது தெரியவருகிறது. அவருடைய யூகம் இது: அந்த மெலிந்த தாடைகளுக்கு இடையே தொங்கியது வெறும் தோல் அல்ல, ஒரு பை. கூழைக்கடாவின் அலகுக்கடியில் இருப்பதைப் போன்ற தொண்டைப்பை. வாயைத் திறந்து நீரை மொண்டு, நீரை வடித்துவிட்டு உள்ளே சிக்கிய சிறுமீன்களை விழுங்கும் விலங்கு. திமிங்கில வேலையைச் செய்த முதலை.

நல்ல யூகம்தான். பார்த்தவுடன் மனத்தில் படம் வந்துவிடுகிறது, அதுதான் அதன் பலமும் ஆபத்தும். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்கள். நல்ல படமும் விடாது. அன்றிலிருந்து இன்றுவரை வாய்முதலையைப் பற்றி யார் எதை எழுதினாலும் கூழைக்கடா வந்து நிற்கிறது. 'இருக்கலாம்' என்ற சொல் ஒவ்வொரு மறுபதிப்பிலும் கொஞ்சம் தேய்ந்து, ஓவியர்கள் கைக்கு வரும்போது பை முழுதாக முளைத்துவிடுகிறது.

ஒரு முதலைப் பண்ணையின் சுவரோரம் நின்று, வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சதுப்புநில முதலையை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்குள் வெளிறிய மஞ்சளும் சதையின் இளஞ்சிவப்புமாக ஒரு மேடை. ஈ ஒன்று கீழ்ப்பல்லிலிருந்து மேல்பல்லுக்கு நிதானமாகப் போய்வந்தது. பக்கத்தில் நின்ற சிறுமி, "அப்பா, இதுக்கு நாக்கே இல்ல" என்றாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள வச்சிருக்கும்மா" என்றார். காவலுக்கு நின்ற பெரியவர் தன் உள்ளங்கையை நீட்டி, விரல்களை அசைக்காமல் காட்டினார். "இருக்கு பாப்பா. நம்மள மாதிரி நீட்ட முடியாது. அடியோட ஒட்டி வச்சிருக்கான் ஆண்டவன்."

அந்தச் சிறுமி சொன்னதைக் கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரடோட்டஸும் சொல்லியிருக்கிறார். எகிப்து முதலையை விரிவாக எழுதிய முதல் கிரேக்க ஆசிரியர்களில் அவர் ஒருவர். விலங்குகளில் நாக்கில்லாதது முதலை ஒன்றுதான் என்றும், அது கீழ்த்தாடையை அசைப்பதில்லை, மேல்தாடையைத்தான் இறக்குகிறது என்றும் எழுதிவைத்தார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் முதலை வாயைத் திறக்கும்போது தலை முழுதும் மேலே எழும்புவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தாடை விஷயத்தை அரிஸ்டாட்டில் அப்படியே வழிமொழிந்தார். கேட்ட கதை இல்லை, பார்த்த பிழை. பார்த்த பிழைக்கு ஆயுள் அதிகம்.

ஆனால் ஹெரடோட்டஸின் பிழையைத் திருத்த ஒரு வழி எப்போதும் திறந்தே இருந்தது. நைல் நதியில் முதலை இருந்தது. துணிந்த ஒருவன், அல்லது செத்த முதலை ஒன்று கிடைத்த ஒருவன், வாயைப் பிளந்து விரலை விட்டுப் பார்த்தால் போதும். நாக்கு இருக்கிறது, அடித்தளத்தோடு சவ்வினால் பிணைத்து வைத்திருக்கிறது, அதன் அடியில், தொண்டைக்கு முன்னால் ஒரு மடிப்பு எழுந்து மேலண்ணத்தோடு சேர்ந்து கதவுபோல் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் முதலையால் நீருக்குள் வாயைத் திறக்க முடிகிறது, நீர் உள்ளே போகாமல். இதைத் தெரிந்துகொண்டால் நோப்சாவின் பைக்கும் ஒரு கேள்வி எழும். வடிகட்டித் தின்னும் திமிங்கிலம் வாய்க்குள் வந்த நீரைப் பெரிய நாக்கினாலும் தொண்டைத் தசையினாலும் வெளியே தள்ளுகிறது. அதன் வாயில் வடிகட்டியாகச் சீப்புச் சீப்பாய்த் தொங்கும் தகடுகள் உண்டு. கூழைக்கடாவின் கீழலகு எலும்புகள் வில்போல வெளிப்பக்கம் வளைந்து கொடுக்கின்றன, அதனால் பை விரிகிறது. ஒட்டிக்கிடக்கும் நாக்கோடு ஒரு முதலை எதைக்கொண்டு நீரைத் தள்ளியது? வாய்முதலையின் தாடை முனை எப்படிப் பொருந்தியிருந்தது, வளையுமா, வளையாதா? தாடை எலும்பின் உள்விளிம்பில் தசை பற்றிய தழும்பு இருந்ததா? பல் இல்லை என்றால், பல் இருந்து விழுந்த குழிகளாவது இருந்தனவா?

எலும்பைக் கையில் எடுத்தால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும் கேள்விகள் இவை. வாயைத் திறந்து பார்க்கலாம் என்றால், திறப்பதற்கு வாய் இல்லை.

1944 ஏப்ரல் 24 இரவு. பிரிட்டிஷ் விமானங்கள் மியூனிக் மேல் குண்டு போட்டன. நகரின் நடுவே நாய்ஹவுசர் தெருவில், பழைய அகாடமி என்ற கட்டடத்தில் இருந்தது தொல்லுயிர்த் தொகுப்பு. விடிந்தபோது வாய்முதலை இல்லை, ஸ்பைனோசாரஸ் இல்லை, மார்க்கிராஃப் தன் கடைசிக் காலத்தில் தோண்டியெடுத்தவற்றில் பெரும்பகுதி இல்லை. இத்தனைக்கும் ஆபத்து வருமென்று முன்பே தெரிந்திருந்தது. தொகுப்பைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றச் சொல்லி ஸ்ட்ரோமர் வற்புறுத்தியிருக்கிறார். பொறுப்பிலிருந்த காரல் பொய்ர்லன் நாஜிக் கட்சிக்காரர், அவர் இசையவில்லை. மாற்ற வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் தோல்வி வரலாம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஸ்ட்ரோமரோ நாஜிகளைப் பிடிக்காது என்பதை ஒளிக்கத் தெரியாதவர்; அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பிருந்திருக்காது. அந்தப் போரில் அவருடைய மூன்று மகன்களில் இருவர் மாண்டார்கள். மூன்றாமவர் சோவியத் சிறையிலிருந்து 1950இல்தான் வீடு திரும்பினார். 1952இல் ஸ்ட்ரோமர் இறந்தார்.

இந்த இடத்தில் எலும்புக்காக அழுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மகன்களை இழந்தவரிடம் போய் முதலை போயிற்றே என்று துக்கம் கேட்க முடியுமா? அந்த இரவில் அதே நகரத்தில் செத்தவர்கள் கணக்கில் ஒரு மண்டையோடு எந்த மூலை? ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கெய்ரோவில் 1904 முதலே ஒரு புவியியல் அருங்காட்சியகம் இருந்தது. எகிப்தின் மண்ணில் கிடைத்தது எகிப்திலேயே இருந்திருந்தால் குண்டு அதைத் தேடிப் போயிருக்காது. எடுத்துப் போனவர்கள், காப்பாற்றத்தான் எடுத்துப் போகிறோம் என்று சொல்வது வழக்கம். வாய்முதலை விஷயத்தில் அந்த வாதம் செல்லாது.

மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். உரைகாரர்கள் போகிறபோக்கில் மேற்கோள் காட்டிய வரிகளையும் பெயர்களையும் பொறுக்கிச் சேர்த்து, இன்று இல்லாத நூல்களின் ஒரு பட்டியல். அதைப் படிக்கும்போது ஒரு விசித்திரமான பசி உண்டாகும். நமக்குக் கிடைப்பது மூலநூல் இல்லை, அதிலிருந்து இன்னொருவர் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது மட்டும். உரைகாரர் ஒரு சொல்லின் இலக்கணத்துக்காக இரண்டு வரி எடுத்தார். அந்த வரிகளுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று அவரைக் கேட்க முடியாது. ஸ்ட்ரோமரின் 1925ஆம் வருட வெளியீடும் இப்போது அப்படிப்பட்ட ஒரு உரைதான். நேர்மையான, கூர்ந்த உரை. ஆனால் அவர் எதைக் கவனித்தாரோ அதுதான் இருக்கிறது. அவர் கவனிக்கத் தோன்றாததை, அவர் காலத்தில் யாரும் கேட்காததை, அந்தத் தாள்கள் சொல்லா. ஸ்கேன் எடுத்து மண்டைக்குள் நரம்பு போன வழியைப் பார்க்கலாம், பல்லின் வேதியியலை வைத்து அது உப்புநீரில் வாழ்ந்ததா நன்னீரிலா என்று சொல்லலாம் என்பதெல்லாம் பின்னால் வந்தவை.

விலங்கியலில் ஓர் ஏற்பாடு உண்டு. புதிய உயிர் ஒன்றுக்குப் பெயர் வைத்தால், இந்தப் பெயர் இதற்குத்தான் என்று ஒரு குறிப்பிட்ட பொருளைக் காட்டிப் பிணைக்க வேண்டும். அது மூல மாதிரி. நிலத்துக்கு எல்லைக்கல் மாதிரி அது. பின்னால் தகராறு வந்தால் கல்லுக்குத்தான் போக வேண்டும், பத்திரத்துக்கு இல்லை. வாய்முதலைக்குக் கல் போய்விட்டது, பத்திரம் இருக்கிறது. அந்தப் பெயர் சட்டப்படி இன்றும் செல்லும். அதன் குடும்பத்துக்கும் அதன் பெயர்தான். ஆனால் அது முதலைக் குலத்தில் யாருக்கு அண்ணன், யாருக்குத் தூரத்துச் சொந்தம் என்று உறுதியாக நிறுவ முடியவில்லை.

2009இல் உறவினர் ஒன்று கிடைத்தது. பால் செரினோவும் ஹான்ஸ் லார்சனும் நைஜர் நாட்டிலும் மொராக்கோவிலும் கிடைத்த கீழ்த்தாடைகளுக்கு லகானோசூக்கஸ் என்று பெயரிட்டார்கள். 'லகானோன்' என்றால் கிரேக்கத்தில் மெல்லிய தட்டையான பண்டம். ஆங்கிலத்தில் அதைப் பான்கேக் முதலை என்றார்கள். நாம் தோசை முதலை என்று தாராளமாகச் சொல்லலாம். தாடை ஒரு மீட்டர் நீளம், உயரமோ அற்பம், கல்லில் மெல்லிசாக வார்த்தது மாதிரி. வாய்முதலையின் குடும்பம் என்றே அதைச் சேர்த்தார்கள். இந்தத் தாடையைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது. அதில் ஆணி ஆணியாய் நிமிர்ந்த பற்கள் இருக்கின்றன. செரினோவும் லார்சனும் அதற்குக் கற்பித்த வாழ்க்கை பை வைத்து மொள்வது இல்லை: நீருக்கடியில் அசையாமல், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, மீன் தானாக உள்ளே நுழையும் வரை காத்திருப்பது. கூடு போட்டு மீன் பிடிப்பவனுக்குத் தெரிந்த வித்தை. இதுவும் யூகம்தான். ஆனால் நாளைக்கு வேறொருவர் வந்து அதே தாடையை எடுத்துப் பார்த்து மறுக்க முடிகிற யூகம். எனக்கு அந்த வித்தியாசம்தான் பெரிதாகப் படுகிறது.

தென் அமெரிக்காவில், இதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்து, மூராசூக்கஸ் என்ற கெய்மன் இன முதலையும் இதே தட்டை வாயைத் தனியாகக் கண்டுபிடித்து வாழ்ந்தது. சொந்தமில்லை, பந்தமில்லை, அதே மெலிந்த தாடை, அதே பொடிப் பற்கள். அதன் எலும்புகள் நிறையவே கிடைத்திருக்கின்றன. வாய்முதலையைப் பற்றி நாம் கேட்க நினைப்பதை அதனிடம் கேட்கிறார்கள். இறந்தவர் வீட்டுக் கணக்கை அடுத்த தெருக்காரரிடம் விசாரிப்பது போல.

காகிதத்தை இவ்வளவு குறை சொன்ன பிறகு, அதன் பக்கமும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். ஸ்ட்ரோமரின் குடும்பம் நியூரெம்பெர்க் நகரத்துப் பழைய வணிகக் குலம். அந்தக் குலத்தில் பிறந்த உல்மன் ஸ்ட்ரோமர் 1390இல் அந்த நகரின் மதிலுக்கு வெளியே ஒரு காகித ஆலை தொடங்கினார். ஜெர்மனியின் முதல் காகித ஆலை அது. சிறையிலிருந்து திரும்பி வந்த மகன் வோல்ஃப்காங் பொருளாதார வரலாற்று அறிஞரானார். தன் முன்னோரின் அந்த ஆலையைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அப்பாவின் படங்களையும் தாள்களையும் 1995இல் மியூனிக் தொகுப்புக்கே கொடுத்தார். எலும்பைக் காக்கத் தவறிய அதே இடத்துக்கு. அந்தக் கட்டில் இருந்து எரிந்துபோன ஸ்பைனோசாரஸின் புகைப்படங்கள் வெளிவந்தன. அச்சில் வந்த கோட்டோவியங்களை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அந்தப் படங்கள் பெரிய வரம்.

இன்னொன்று 2025இல் நடந்தது. மார்க்கிராஃப் தோண்டியெடுத்து, ஸ்ட்ரோமர் ஆராய்ந்து, 1944இல் எரிந்துபோன ஒரு கொடும்பல் டைனோசரின் அதுவரை வெளிவராத படங்கள் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு அறிஞர் விட்டுச்சென்ற தாள்களுக்கிடையே கிடைத்தன. கார்க்காரோடோண்டோசாரஸ் என்று இத்தனை காலம் சொல்லிவந்தது உண்மையில் அது இல்லை, வேறொரு பேரினம் என்று படங்களை அளந்து காட்டினார்கள். புதுப் பெயர் டேமரிராப்டர் மார்க்கிராஃபி. 'டா-மெரி' எகிப்தின் பழம்பெயர்களில் ஒன்று, அன்புக்குரிய நாடு. பின்பாதி அந்த நோயாளிச் சேகரிப்பாளரின் பெயர். எரிந்து 80 வருடம் ஆன எலும்பு ஒன்று, தன்னைத் தவறான பெயரில் கூப்பிட்டுவந்தார்கள் என்று ஒரு புகைப்படத்தின் வழியே சொல்லிவிட்டது.

அப்படியானால் புகைப்படம் எழுத்தைவிட எலும்புக்கு நெருக்கம். எழுத்தில் ஆசிரியர் கண்டது மட்டும் வரும். படத்தில் எடுத்தவர் கவனிக்காததும் தப்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். மெங்கெஸ் தன் கணக்கில் வரி பாக்கியை மட்டும்தான் எழுதினார். அந்தத் தாளின் விளிம்பு கிழிந்த விதமும் மை உறிஞ்சிய விதமும் அவர் எழுதாதவை. அவற்றையும் சேர்த்துத்தான் இன்று பெர்க்லி நூலகத்தில் வைத்துப் படிக்கிறார்கள். வாய்முதலைக்கும் அப்படி ஒரு மறந்த படம் ஏதாவது ஒரு பெட்டியில், ஏதாவது ஒரு பேராசிரியரின் கடிதக் கட்டில், கீழ்த்தாடையின் உள்விளிம்பு தெரியும் கோணத்தில் கிடக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். பை இருந்ததோ இல்லையோ, அந்தக் கூழைக்கடாவை ஒரு வழியாக உட்காரவைக்கவோ பறக்கவிடவோ ஒன்று வேண்டும்.

பஹாரியாவில் இப்போது தோண்டுகிறவர்களில் எகிப்தியர்களும் இருக்கிறார்கள். மன்சூரா பல்கலைக்கழகத்தில் 2010இல் ஹிஷாம் சல்லாம் தொடங்கிய தொல்லுயிர் மையத்தில் பயின்றவர்கள் அந்தப் பாறைகளில் நடக்கிறார்கள். அங்கே கிடைத்த ஒற்றைக் கழுத்து முள்ளெலும்பை வைத்து, குட்டைமுகப் பெரு டைனோசர் குடும்பம் ஒன்று பஹாரியாவில் இருந்ததை 2022இல் உறுதிசெய்தார்கள். ஒரே ஒரு எலும்பு, பத்து விரலுக்குள் அடங்குவது. ஜெபல் எல் திஸ்த் அதே இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு காற்றுக்கும் அதன் சரிவு கொஞ்சம் உதிர்ந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. வாய்முதலையின் இரண்டாவது மண்டையோடு இன்னும் கிடைக்கவில்லை.